தீம் மாற்றியதும் டூல்பார் தகராறு: லிப்ரேஆபீஸில் எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

விண்டோஸை டார்க் தீமுக்கு மாற்றுகிறோம். பிரவுசர், கோப்புறை ஜன்னல்கள் எல்லாம் ஒழுங்காகக் கருப்புக்குப் போய்விடுகின்றன. இலவச அலுவலக மென்பொருளான லிப்ரேஆபீஸில் ரைட்டரைத் திறந்தால் மட்டும் மேலே இருக்கிற டூல்பார் ஒரு தினுசாக நிற்கிறது. சிலருக்கு ஐகான்கள் கருப்புக்குள் கருப்பாக மறைந்திருக்கும். சிலருக்குப் பாதி வெள்ளை, பாதி கருப்பு. சிலருக்கு டூல்பாரே இருக்காது. பக்கத்துச் சீட்டில் இருப்பவர் சொல்லும் வைத்தியம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடு."

அது பெரும்பாலும் பலிக்காது. லிப்ரேஆபீஸ் உங்கள் விருப்பங்களை நிரலோடு சேர்த்து வைப்பதில்லை. யூசர் ப்ரொஃபைல் என்று தனியாக ஒரு கோப்புறையில் வைக்கிறது. அன்இன்ஸ்டால் செய்யும்போது அந்தக் கோப்புறையை யாரும் தொடுவதில்லை. புதிதாக நிறுவிய லிப்ரேஆபீஸ் நேராகப் போய் அதே பழைய கோப்புறையைத் திறந்து, அதே பழைய கோளாறோடு எழுந்து நிற்கும். ஒரு மணி நேரமும் இன்டர்நெட் டேட்டாவும் போனதுதான் மிச்சம்.

டூல்பாரின் தோற்றத்தை முடிவு செய்பவை மூன்று. ஒன்று, விண்டோஸின் தீம். இரண்டு, லிப்ரேஆபீஸ் தனக்கென்று வைத்திருக்கும் லைட் அல்லது டார்க் என்ற அமைப்பு. மூன்று, ஐகான் தீம், அதாவது பட்டன்களின் மேல் இருக்கும் படங்களின் தொகுப்பு. இந்த மூன்றும் தனித்தனி. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் கூடவே வரும் என்று நாம் நினைக்கிறோம். அவை ‘தானியங்கி’ நிலையில் இருந்தால்தான் வரும். யாராவது எப்போதாவது ஒன்றைக் கையால் மாற்றி வைத்திருந்தால் அது அங்கேயே நின்றுவிடும். இவற்றுக்கு அடியில் நான்காவதாக ஒன்று உண்டு: திரையில் படம் வரையும் கிராஃபிக்ஸ் பகுதி. அதன் கோளாறு வேறு மாதிரி முகம் காட்டும். ஆகவே முதலில் அறிகுறியைப் பாருங்கள், அப்புறம் கை வையுங்கள்.

நான் பெங்களூரில் பார்த்துக்கொள்ளும் கணினிகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவென்யூ ரோடு, சிக்பேட்டை பக்கம் கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும் அடிக்கிற கடைகள், அல்சூரிலும் சிவாஜிநகரிலும் கணக்கு எழுதிக் கொடுக்கிற சின்ன அலுவலகங்கள். லைசென்ஸ் செலவில்லை, தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றையும் ஒரே கோப்பில் அடிக்கலாம் என்பதால் இங்கெல்லாம் லிப்ரேஆபீஸ் ஓடுகிறது. ஒரே கணினியில் பகலில் ஒருவர், ராத்திரி ஒருவர் உட்காருவார்கள். ராத்திரி ஆளுக்கு டார்க் வேண்டும், பகல் ஆளுக்கு வெள்ளை வேண்டும். தீம் கோளாறுகள் அதிகம் முளைப்பது இங்கேதான்.

## எதையும் மாற்றுவதற்கு முன்

ஹெல்ப் மெனுவில் அபௌட் லிப்ரேஆபீஸைத் திறந்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று விஷயம் நமக்கு வேண்டும். பதிப்பு எண் முதலாவது. 2024 ஜனவரியிலிருந்து எண் முறையே மாறிவிட்டது, 7.6-க்கு அடுத்து வந்தது 24.2, அதாவது வருடமும் மாதமும். இரண்டாவது, ‘யூஐ ரெண்டர்’ என்ற வரி. விண்டோஸில் அது பெரும்பாலும் ஸ்கியா (திரையை வரையும் நூலகத்தின் பெயர்) என்று தொடங்கும். மூன்றாவது, விசிஎல் என்ற வரி, லிப்ரேஆபீஸ் எந்த வழியில் டெஸ்க்டாப்போடு பேசுகிறது என்பதைச் சொல்வது; விண்டோஸில் இது எப்போதும் ஒன்றுதான், லினக்ஸில்தான் முக்கியம்.

பதிப்பு 7.5-க்கும் கீழே என்றால், விண்டோஸ் டார்க் தீமோடு மல்லுக்கட்டாதீர்கள். விண்டோஸில் டார்க் ஆதரவு ஓரளவுக்கு உருப்படியானது 2023 பிப்ரவரியில் வந்த 7.5-லிருந்துதான். புதிய பதிப்பைப் போட்டுவிட்டு மேலே வாருங்கள். பழைய பதிப்பில் கிடந்து டூல்பாரைச் சரிசெய்ய முயல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இன்னொன்று. லிப்ரேஆபீஸின் எல்லா ஜன்னல்களையும் மூடிய பிறகும் அது பின்னால் ஓடிக்கொண்டிருக்கலாம். கடிகாரத்துக்குப் பக்கத்தில் சிஸ்டம் ட்ரேயில் அதன் குட்டி ஐகான் இருந்தால் வலது கிளிக் செய்து வெளியேறுங்கள். டாஸ்க் மேனேஜரிலும் பெயர் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அமைப்பை மாற்றியும் ஒன்றும் நடக்கவில்லை என்று வருகிற புகார்களில் பல, சரியாக மூடித் திறக்காததால் வருபவை. கீழே ‘மூடித் திறங்கள்’ என்று சொல்லும் இடமெல்லாம் இந்த முழு மூடலையே சொல்கிறேன்.

## ஐகான்கள் இருக்கின்றன, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை

அடிக்கடி வருவது இதுதான். அல்சூரில் ஒரு கணக்கு அலுவலகத்திலிருந்து வந்த போன் அப்படியே நினைவிருக்கிறது: "அண்ணா, மேல இருந்த பட்டனெல்லாம் காணோம்ணா. ஆனா மௌஸ் கொண்டு போனா ஒண்ணு ஒண்ணா எட்டிப் பாக்குது." இதைவிடத் தெளிவாக அறிகுறியைச் சொல்ல முடியாது. டூல்பார் கரிய சாம்பல் நிறத்தில் இருக்கிறது. அதன் மேல் சேவ், பிரிண்ட், பிடிஎஃப் ஐகான்கள் அடர் சாம்பல் கோடுகளாகக் கிடக்கின்றன. மௌஸ் மேலே போகும்போது பட்டனின் பின்னணி கொஞ்சம் வெளுக்கிறது. அந்த நேரத்தில் மட்டும் கோடு துலங்குகிறது. மௌஸ் நகர்ந்ததும் போய்விடுகிறது.

காரணம் எளிது. வெள்ளைப் பின்னணிக்காக வரைந்த ஐகான் தொகுப்பு இன்னும் மாட்டியிருக்கிறது. விண்டோஸில் லிப்ரேஆபீஸின் வழக்கமான தொகுப்பு கொலிப்ரே, 2018-இல் 6.1 பதிப்போடு வந்தது. அதற்கு டார்க் ஜோடி ஒன்று தனியாக உண்டு. ப்ரீஸ், சிஃபர் போன்றவற்றுக்கும் அப்படியே. ஐகான் தீம் ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருந்தால், பின்னணி கருப்பானதும் லிப்ரேஆபீஸ் டார்க் ஜோடியைத் தானே எடுத்துக்கொள்ளும். யாரோ ஒருவர் பட்டியலில் வெறும் ‘கொலிப்ரே’ என்று தேர்ந்து வைத்திருந்தால் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டு வரியும் பார்ப்பதற்கு ஒன்று போலவே இருக்கும்: ஒன்று ‘ஆட்டோமேட்டிக்’ என்று தொடங்கி அடைப்புக்குள் கொலிப்ரே, மற்றது வெறும் கொலிப்ரே. பகலில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

செய்ய வேண்டியது:

டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் → லிப்ரேஆபீஸ் → வியூ போங்கள். அங்கே ஐகான் தீம் என்று இருக்கும். அந்தப் பக்கத்தில் இல்லாவிட்டால், புதிய பதிப்புகளில் அப்பியரன்ஸ் என்று ஒரு பக்கம் இருக்கிறது, அங்கே பாருங்கள். ‘ஆட்டோமேட்டிக்’ வரியைத் தேர்ந்து ஓகே கொடுங்கள். மூடித் திறங்கள்.

அதே இடத்தில்தான் லைட், டார்க், சிஸ்டம் என்ற தேர்வும் இருக்கும். அது ‘சிஸ்டம்’ என்று இருக்கட்டும். ஒரே கணினியில் இரண்டு ஷிஃப்ட் ஆட்கள் என்றால் இதுதான் சண்டை வராத ஏற்பாடு: லிப்ரேஆபீஸுக்குள் இரண்டையும் தானியங்கியில் விட்டுவிட்டு, மாற்றுவதை விண்டோஸில் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். லிப்ரேஆபீஸ் திறந்திருக்கும்போது விண்டோஸ் தீமை மாற்றினால் சில பகுதிகள் பழைய நிறத்திலேயே நின்றுபோகலாம்; மூடித் திறந்தால் சரியாகிவிடும். இன்னும் நல்லது, ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு. யூசர் ப்ரொஃபைல் விண்டோஸ் கணக்குக்குக் கணக்கு தனி என்பதால் ஒருவர் மாற்றியது மற்றவரைத் தொடாது. பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது என்று கடைக்காரர்கள் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை, அது வேறு கதை.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு: வெள்ளை டூல்பாரில் வெளிறிய ஐகான்கள். டார்க் தொகுப்பைக் கையால் தேர்ந்துவிட்டு, பிறகு விண்டோஸை வெள்ளைக்குத் திருப்பியவர்களுக்கு வரும். மருந்து அதேதான்.

பத்திரிகை அடிக்கும் கடைகளில் கூடவே ஒரு பயம் கிளம்பும். டார்க்கில் பக்கமே கருப்பாகி எழுத்து வெள்ளையாகத் தெரிந்தால், "பிரிண்டும் இப்படியே வந்துருமா?" என்று கேட்பார்கள். எழுத்தின் நிறம் ஆட்டோமேட்டிக் என்று இருந்தால் திரையில்தான் வெள்ளை, தாளில் கருப்பாகவே வரும். எழுத்துக்கு வெள்ளை என்று நீங்களே நிறம் கொடுத்திருந்தால் மட்டும் தாளிலும் வெள்ளைதான்.

## பாதி கருப்பு, பாதி வெள்ளை

மெனு வரிசை கருப்பு, டூல்பார் வெள்ளை. அல்லது டூல்பார் கருப்பு, வலது ஓரத்து சைட்பார் வெள்ளை. முதலில் மூடித் திறங்கள். பாதிப் பேருக்கு இதோடு கதை முடிந்துவிடும்.

முடியாவிட்டால் விண்டோஸ் செட்டிங்ஸ் → பர்சனலைசேஷன் → கலர்ஸ் பாருங்கள். அங்கே லைட், டார்க், கஸ்டம் என்று மூன்று இருக்கும். கஸ்டம் என்று இருந்தால் விண்டோஸுக்கு ஒரு நிறமும் செயலிகளுக்கு ஒரு நிறமும் தனித்தனியாக வைக்கலாம். டாஸ்க்பார் கருப்பாக இருப்பதைப் பார்த்து "டார்க்தானே போட்டிருக்கேன்" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். செயலிகளுக்கான நிறம் லைட்டில் இருக்கும். லிப்ரேஆபீஸ் கவனிப்பது செயலிகளுக்கான நிறத்தை. கஸ்டமை விட்டுவிட்டு டார்க் அல்லது லைட் ஏதாவது ஒன்றை முழுதாக வைத்துப் பாருங்கள்.

அதுவும் சரி என்றால், லிப்ரேஆபீஸுக்குள் யாரோ வண்ணங்களைக் கையால் மாற்றியிருக்கிறார்கள். பழைய பதிப்புகளில் அப்ளிகேஷன் கலர்ஸ் பக்கம், புதியவற்றில் அப்பியரன்ஸ் பக்கம். அங்கே இருக்கும் வண்ணத் திட்டத்தை ஆட்டோமேட்டிக்குக் கொண்டுவாருங்கள்.

## எல்லாமே திடீரென்று பயங்கரப் பளிச்சென்று ஆகிவிட்டது

கருப்புப் பின்னணி, மஞ்சள் அல்லது பச்சை எழுத்து, பட்டன்களுக்கு ஒற்றை வண்ணக் கோட்டுப் படங்கள். லிப்ரேஆபீஸ் மட்டுமில்லை, எல்லா ஜன்னலும் இப்படி. இது தீம் கோளாறு அல்ல. ஹை கான்ட்ராஸ்ட் ஆன் ஆகிவிட்டது. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரிண்ட் ஸ்க்ரீன் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆன் ஆகும். அதையே மறுபடி அழுத்தினால் ஆஃப். ஸ்க்ரீன்ஷாட் எடுக்கப் போய் விரல் தவறி அழுத்தியவர்கள் ஏராளம். விண்டோஸ் 11-இல் இதற்குப் பெயர் கான்ட்ராஸ்ட் தீம்ஸ்.

ஹை கான்ட்ராஸ்ட் இருக்கும்போது ஐகான் தீம் பட்டியலில் நீங்கள் எதைத் தேர்ந்தாலும் லிப்ரேஆபீஸ் சிஃபர் தொகுப்பையே காட்டும். ஆகவே அங்கே போய் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பார்வைக் குறைபாட்டுக்காக வேண்டுமென்றே ஹை கான்ட்ராஸ்ட் வைத்திருப்பவர் என்றால் அதை அணைக்கவும் வேண்டாம், அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

## டூல்பாரே இல்லை

தீம் மாற்றப் போன இடத்தில் வேறு எதையோ தொட்டிருக்கிறார்கள். மூன்று இடத்தைப் பாருங்கள்.

முதலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஜே மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். லிப்ரேஆபீஸில் முழுத்திரைக்குப் போவதும் அதிலிருந்து வெளியே வருவதும் இதே கட்டளைதான். முழுத்திரையில் டூல்பார்கள் ஒளிந்துகொள்ளும். திரும்பி வந்துவிட்டால் வேலை முடிந்தது.

அடுத்து வியூ → யூசர் இன்டர்ஃபேஸ். இதைத் ‘தீம்’ என்று நினைத்துத் தொட்டவர்கள் நிறைய. இது நிறத்தை மாற்றுவதில்லை. டூல்பாரின் அமைப்பையே மாற்றுகிறது. டேப்டு என்று தேர்ந்தால் பழைய டூல்பார்கள் போய், தாவல் தாவலாக ஒரு பட்டை வந்துவிடும். 2019-இல் 6.2 பதிப்பிலிருந்து இது எல்லாருக்கும் இருக்கிறது. பழையபடி வேண்டும் என்றால் ஸ்டாண்டர்டு டூல்பாரைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்தப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் பொருத்து, ரைட்டருக்கு மட்டும் பொருத்து என்று இரண்டு பட்டன் இருக்கும். "ரைட்டர்ல சரியாயிடுச்சு, கால்க்ல இன்னும் அப்படியே இருக்கு" என்று வரும் புகாருக்குக் காரணம் அந்த இரண்டாவது பட்டனை அழுத்தியதுதான். மெனு வரிசையே மறைந்துபோய் வியூவுக்குப் போக வழியில்லை என்றால், தாவல் வரிசையின் வலது கோடியில் மூன்று கோடு போட்ட பட்டன் ஒன்று இருக்கும். அதைத் திறந்து பாருங்கள்.

மூன்றாவது, வியூ → டூல்பார்ஸ். ஸ்டாண்டர்டு, ஃபார்மேட்டிங் இரண்டுக்கும் டிக் இருக்கிறதா பாருங்கள். டிக் இருந்தும் கண்ணில் படவில்லை என்றால் டூல்பார் கழன்று மிதந்துகொண்டிருக்கலாம். முன்பு மாட்டியிருந்த இரண்டாவது மானிட்டர் இருந்த திசையில், திரைக்கு வெளியே. அதே மெனுவின் அடியில் இருக்கும் ரீசெட்டை அழுத்திப் பாருங்கள். திரும்பி வந்ததும் டூல்பார் மேல் வலது கிளிக் செய்து லாக் டூல்பார் பொசிஷன் போட்டுவிட்டால் மறுபடி கழலாது. பொதுக் கணினிகளில் இதை நான் கேட்காமலே போட்டுவிடுவேன்.

## கருப்புச் சதுரங்கள், அழியாத நிழல்கள், மௌஸ் பட்டால் கிழியும் டூல்பார்

இந்த வகை முந்தியவை போல இல்லை. ஐகான் இருக்க வேண்டிய இடத்தில் கன்னங்கரேலென்று சதுரம். மெனுவைத் திறந்து மூடினால் அதன் நிழல் டூல்பார் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஜன்னலைச் சுருக்கி விரித்தால் கொஞ்ச நேரம் சரியாகி, மறுபடி வருகிறது. தீம் மாற்றிய பிறகுதான் கண்ணில் பட்டது என்பதால் தீம் மேல் பழி விழுகிறது. உண்மையில் இது கிராஃபிக்ஸ் டிரைவர் விவகாரம்.

2020 ஆகஸ்டில் வந்த 7.0 பதிப்பிலிருந்து விண்டோஸில் லிப்ரேஆபீஸ் தன் திரையை ஸ்கியா என்ற வரைகலை நூலகத்தைக் கொண்டு வரைகிறது. ஸ்கியா முடிந்தால் வல்கன் வழியாகக் கிராஃபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்தும். முடியாவிட்டால் பிராசசரை வைத்தே வரைந்துகொள்ளும். தகராறு பண்ணும் என்று தெரிந்த டிரைவர்களை லிப்ரேஆபீஸே விலக்கி வைத்திருக்கிறது. ஆனாலும் எஸ்.பி. ரோட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிப் போட்ட கிராஃபிக்ஸ் கார்டு, அதற்கு எங்கிருந்தோ இறக்கிய டிரைவர் என்று இருக்கும் கணினிகளில் இந்தக் கருப்புச் சதுரங்கள் வரத்தான் செய்கின்றன.

சோதிப்பது சுலபம். அபௌட் பெட்டியில் எடுத்த போட்டோவைப் பாருங்கள். யூஐ ரெண்டர் வரியில் ஸ்கியாவோடு வல்கன் என்று இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் → லிப்ரேஆபீஸ் → வியூவில், ஃபோர்ஸ் ஸ்கியா சாஃப்ட்வேர் ரெண்டரிங் என்பதற்கு டிக் போடுங்கள். மூடித் திறக்கச் சொல்லி லிப்ரேஆபீஸே கேட்கும். திறந்ததும் அபௌட்டில் வல்கன் போய் ராஸ்டர் (பிராசசரே வரைவது) என்று வந்திருக்க வேண்டும். இப்போது ஒரு மெனுவைத் திறந்து மூடி, டூல்பார் மேல் மௌஸை இங்கும் அங்கும் ஓட்டிப் பாருங்கள். சதுரங்கள் வரவில்லை என்றால் குற்றவாளி டிரைவர்தான். கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து சரியான டிரைவரை இறக்கிப் போட்டு, பிறகு இந்த டிக்கை எடுத்துப் பாருங்கள்.

டிக்கை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டால், கடிதமும் பில்லும் அடிக்கிற கணினிக்குத் தாராளமாக விட்டுவிடலாம். பெரிய படங்கள் நிறைந்த இம்ப்ரஸ் (ஸ்லைடு) கோப்புகளில்தான் வேகக் குறைவு தெரியக்கூடும்.

ராஸ்டருக்கு மாறியும் சதுரங்கள் போகவில்லை என்றால், அதே பக்கத்தில் ஸ்கியாவையே பயன்படுத்தாதே என்று டிக்கை எடுத்துவிடும் வழியும் உண்டு. அதிலும் அப்படியே இருந்தால் கிராஃபிக்ஸை விட்டுவிடுங்கள். கீழே ப்ரொஃபைல் பகுதிக்குப் போங்கள்.

## ஐகான்கள் பூதாகாரமாக இருக்கின்றன, அல்லது கடுகளவு

அதே வியூ பக்கத்தில் ஐகான் அளவு இருக்கிறது. டூல்பாருக்கு, டேப்டு பட்டைக்கு, சைட்பாருக்கு என்று மூன்று தனி அளவுகள். ஒவ்வொன்றுக்கும் ஆட்டோமேட்டிக், ஸ்மால், லார்ஜ் போன்ற தேர்வுகள் இருக்கும். மூன்றையும் ஆட்டோமேட்டிக்கில் வைத்துப் பாருங்கள். லேப்டாப் திரை 150 சதவீத அளவிலும், கூட மாட்டிய மானிட்டர் 100 சதவீதத்திலும் இருந்தால், ஜன்னலை ஒன்றிலிருந்து மற்றதுக்கு இழுக்கும்போது அளவு குழம்பலாம். எந்தத் திரையில் அதிகம் வேலை செய்கிறீர்களோ அதில் வைத்து லிப்ரேஆபீஸை மூடித் திறந்துகொள்ளுங்கள்.

டூல்பாரின் வலது ஓரத்தில் இரட்டை அம்புக்குறி வந்து, பாதி பட்டன்கள் அதற்குள் போய்விட்டன என்றால் அது கோளாறு இல்லை, இடம் போதவில்லை. லிப்ரேஆபீஸைத் தமிழிலோ கன்னடத்திலோ வைத்திருப்பவர்களுக்கு டேப்டு பட்டையில் இது கூடுதலாக நடக்கும். ஆங்கிலத்தில் நாலு எழுத்தில் முடிகிற பெயர் தமிழில் நீண்டு இடத்தை அடைத்துக்கொள்கிறது. மெனு தமிழில்தான் வேண்டும் என்றால் ஸ்டாண்டர்டு டூல்பாரே வசதி. அதில் வெறும் ஐகான்கள்தானே.

## ஒரே ஒரு பட்டன் மட்டும் ஒட்டவில்லை

மற்ற எல்லா ஐகான்களும் புது தீமுக்கு மாறிவிட்டன, ஒன்று மட்டும் பழைய வெள்ளைப் பெட்டியோடு நிற்கிறது. அல்லது ஐகான் இல்லாமல் வெறும் எழுத்தாக நிற்கிறது. முதலாவது பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் போட்டுச் சேர்த்த பட்டன். அதன் படம் எக்ஸ்டென்ஷனோடு வந்தது. ஐகான் தீமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பொறுத்துக்கொள்ளலாம், அல்லது வியூ → டூல்பார்ஸ் → கஸ்டமைஸ் போய் வேறு ஐகான் கொடுக்கலாம். இரண்டாவது, ஐகானே இல்லாத கட்டளையை யாரோ டூல்பாரில் சேர்த்தது. மேக்ரோக்களுக்கு இப்படி வரும். இதற்கும் கஸ்டமைஸ்தான்.

டூல்பார் முழுக்க எழுத்தாக நின்றால், அதே கஸ்டமைஸ் பெட்டியில் ‘ஐகான் ஒன்லி’ என்பதற்குப் பதில் ‘டெக்ஸ்ட் ஒன்லி’ தேர்வாகியிருக்கும்.

## லினக்ஸில் மட்டும் வருவது

உபுண்டு ஓடும் கணினிகளில் டூல்பார் எந்த தீமுக்கும் அசையாமல், பழைய காலத்துச் சாம்பல் பெட்டிகளாக நின்றால் அபௌட்டில் விசிஎல் வரியைப் பாருங்கள். ஜிடிகே3 என்றோ, கேடிஇ டெஸ்க்டாப் என்றால் கேஎஃப்5, கேஎஃப்6 என்றோ இருக்க வேண்டும். எக்ஸ்11 அல்லது ஜென் என்று இருந்தால், டெஸ்க்டாப்போடு பேசும் இணைப்புப் பொதி நிறுவப்படவில்லை. மென்பொருள் மேலாளரில் லிப்ரேஆபீஸ் ஜிடிகே3 என்று தேடி நிறுவுங்கள். ஐகான் தொகுப்புகளும் உபுண்டுவில் தனிப் பொதிகள்தான். ‘லிப்ரேஆபீஸ் ஸ்டைல்’ என்று தொடங்கும். பட்டியலில் ஒரே ஒரு ஐகான் தீம் தெரிந்தால் காரணம் அது.

ஸ்னாப், ஃபிளாட்பேக் என்ற தனிவகைப் பொதிகள் வழியாகப் போட்ட லிப்ரேஆபீஸ் வேலி போட்ட இடத்துக்குள் ஓடுகிறது. நீங்கள் எங்கிருந்தோ இறக்கி வைத்த டெஸ்க்டாப் தீம் அதன் கண்ணுக்கே தெரியாது. டெஸ்க்டாப்பின் மூல தீமுக்குத் திரும்புங்கள், இல்லாவிட்டால் சாதாரணப் பொதியாக நிறுவுங்கள்.

## எதற்கும் அசையவில்லை என்றால்: சேஃப் மோடு, அப்புறம் ப்ரொஃபைல்

ஹெல்ப் → ரீஸ்டார்ட் இன் சேஃப் மோடு. வரும் பெட்டியில் எதையும் தேர்வு செய்யாமல், சேஃப் மோடிலேயே தொடர் என்பதை மட்டும் அழுத்துங்கள். இப்போது லிப்ரேஆபீஸ் உங்கள் ப்ரொஃபைலை ஒதுக்கிவைத்துவிட்டுத் தற்காலிகமாகப் புதிய ஒன்றோடு ஓடுகிறது. சேஃப் மோடு கிராஃபிக்ஸ் முடுக்கத்தையும் அணைத்துவிடும் என்பதால், டூல்பார் இங்கே ஒழுங்காக இருந்தால் கோளாறு உங்கள் ப்ரொஃபைலிலோ அந்த முடுக்கத்திலோ. இங்கேயும் அதே கதை என்றால் ப்ரொஃபைலைத் தொடுவதில் பயனில்லை. விண்டோஸையும் டிரைவரையும் பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ப்ரொஃபைலை அழிக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

ப்ரொஃபைல் கெடுவதற்கு இங்கே வழக்கமான காரணம் கரண்ட். யூபிஎஸ் பேட்டரி செத்துப்போன கடையில், லிப்ரேஆபீஸ் தன் அமைப்புகளை எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால், அந்தக் கோப்பு அரைகுறையாக நின்றுவிடும்.

அழிக்கும் முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் சேர்த்த தன்திருத்தச் (ஆட்டோகரெக்ட்) சொற்கள், சொந்த அகராதி, டெம்ப்ளேட்டுகள், மேக்ரோக்கள் எல்லாம் அங்கேதான். பத்திரிகைக் கடைக்காரர் ஒருவர் ஊர்ப் பெயர்களையும் குலதெய்வப் பெயர்களையும் வருஷக்கணக்கில் அகராதியில் சேர்த்து வைத்திருப்பார். டூல்பார் நிறத்துக்காக அதை இழக்கக் கூடாது.

விண்டோஸில் ரன் பெட்டியைத் திறந்து, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஆப்டேட்டா என்று அடித்து எண்டர் தட்டுங்கள். உள்ளே லிப்ரேஆபீஸ், அதற்குள் 4 என்ற கோப்புறை, அதற்குள் யூசர். எண் 4 என்று இருப்பதைப் பார்த்துப் பழைய பதிப்போ என்று குழம்ப வேண்டாம். இன்றைய பதிப்புகளும் அதே பெயரைத்தான் வைத்திருக்கின்றன. முழுக் கோப்புறையையும் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மறுபடி சேஃப் மோடுக்குப் போய், இந்த வரிசையில் மேலிருந்து கீழே வாருங்கள், சரியானதும் நிறுத்திவிடுங்கள். கடைசியாக ஒழுங்காக ஓடிய நிலையின் பிரதி இருந்தால், ரீஸ்டோர் ஃப்ரம் பேக்கப். அது ஆகாவிட்டால், எக்ஸ்டென்ஷன்களை மட்டும் முடக்கிப் பாருங்கள். அதுவும் ஆகாவிட்டால், ஃபேக்டரி ரீசெட் பகுதியில் அமைப்புகளையும் டூல்பார் மாற்றங்களையும் மட்டும் திருப்பும் முதல் தேர்வு. முழு ப்ரொஃபைலையும் திருப்பும் இரண்டாவது தேர்வு கடைசியில்தான். அதைச் செய்தால், எடுத்து வைத்த பிரதியிலிருந்து ஆட்டோகரெக்ட், வேர்ட்புக், டெம்ப்ளேட், பேசிக் என்ற நான்கு கோப்புறைகளை மட்டும் திரும்பக் கொண்டுவந்து வையுங்கள். முழுக் கோப்புறையையும் திரும்ப ஒட்டினால் கோளாறும் கூடவே வந்துவிடும்.

யூசருக்குப் பக்கத்திலேயே கேஷ் என்று ஒரு கோப்புறை இருக்கலாம். லிப்ரேஆபீஸை மூடிவிட்டு அதன் பெயரை மாற்றிப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. வேண்டுமென்றால் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும்.

## வேறு மென்பொருளில் இதே தொல்லை

படத் திருத்தும் மென்பொருளான கிம்ப்பில் தீமும் ஐகான் தீமும் ப்ரிஃபரன்சஸ் → இன்டர்ஃபேஸில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் தனித்தனி அமைப்புகள். 2018-இல் வந்த 2.10-இல் தீமை லைட்டுக்கு மாற்றி, ஐகான்களை மட்டும் விட்டுவிட்டால் கருவிகள் கண்ணுக்குத் தெரியாமல் போவது சகஜம். சிம்பாலிக், சிம்பாலிக் இன்வர்ட்டட் இரண்டையும் மாற்றிப் பாருங்கள்; அலுத்துவிட்டால் கலர் என்பதை வைத்துவிடுங்கள், அது எந்தப் பின்னணியிலும் தெரியும். நோட்பேட் ப்ளஸ் ப்ளஸில் டார்க் மோடு 2021-இல் 8.0 பதிப்போடு வந்தது. அங்கே ப்ரிஃபரன்சஸில் டூல்பார் பகுதியில் ஐகான் தொகுப்பை மாற்றலாம்.

## புகார் எழுதும்போது

இத்தனைக்கும் பிறகு சேஃப் மோடிலும், ஸ்கியா ராஸ்டரிலும், புதிய பதிப்பிலும் கோளாறு அப்படியே இருந்தால், அது உண்மையான பிழையாக இருக்க வாய்ப்பு உண்டு. லிப்ரேஆபீஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனின் பக்ஸில்லா என்ற பிழைப் பதிவுத் தளத்தில் எழுதலாம். முதலில் தேடிப் பாருங்கள். அதே புகாரை வேறு யாராவது எழுதியிருந்தால் அதன் கீழே உங்கள் விவரத்தைச் சேர்ப்பதே மேல். அபௌட் பெட்டியில் பதிப்பு விவரத்துக்குப் பக்கத்தில் காப்பி பட்டன் ஒன்று இருக்கிறது. மெனு தமிழில் இருந்தாலும் அது விவரத்தை ஆங்கிலத்திலேயே எடுத்துக் கொடுக்கும். அதை அப்படியே ஒட்டுங்கள். விண்டோஸ் பதிப்பு, திரை அளவு சதவீதம், எந்த தீமிலிருந்து எந்த தீமுக்கு மாற்றினீர்கள், மாற்றும்போது லிப்ரேஆபீஸ் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதை வரிசையாக எழுதுங்கள். ஸ்க்ரீன்ஷாட்டில் டூல்பார் மட்டும் தெரியும்படி வெட்டிவிடுங்கள். கீழே திறந்திருக்கும் வாடிக்கையாளரின் கணக்கு எல்லார் பார்வைக்கும் போக வேண்டாம்.